சந்தியாக் கல்லுக்கு ஒரு பொய்க்குறி

இந்தக் காலத்துச் சனத்துக்குக் கை நீளம் என்று கனிசியஸ் சொன்னால் அவர் பெருவிரலைத்தான் சொல்கிறார். முன்பு ஒருவன் களவெடுக்கிறதென்றால் வேலி பாயவேண்டும், நாயைச் சமாளிக்கவேண்டும், பிடிபட்டால் பூவரசந்தடியால் வாங்கிக் கட்டவேண்டும். அதிலும் ஒரு உழைப்பு இருந்தது. இப்போது கதிரையில் சாய்ந்தபடி, தேத்தண்ணி ஆறுமுன்னம், போனில் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்தவன் சொன்ன கதை தன் கதையாகிவிடுகிறது. அயல்வீட்டுப் பூவைப் பறித்து மாதாவுக்கு வைக்கிறவள்கூட, "இது லூர்த்தம்மா வீட்டுச் செவ்வரத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லுவாள். போனில் போடுகிறவனுக்கு அந்த மரியாதையும் கிடையாது. ஆர் சொன்னது, ஆரிடம் கேட்டது, ஒன்றும் இல்லை. எல்லாம் நான், நான், நான்.

கனிசியஸ் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதற்குப் பிறகு அறுபது வருடமாய் யாழ்ப்பாணத்து மாதகல் கடலில்தான் படிப்பு. அந்தக் கடலில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கல்லை முதலில் கண்டவன் எவனோ, அவன் பேர்தான் கல்லுக்கு. அதன்மேல் தூண்டில் போட்டு மீனோடு கரைக்கு வருகிறவனை "எந்தக் கல்லு மீன்?" என்று கேட்டால் அந்தப் பேரைச் சொல்லவேண்டும். கல்லுக்காரன் வீட்டுக்கு ஒரு மீன் போகவேண்டும். கனிசியஸ் அப்பு என்று கூப்பிட்ட அவர் தகப்பன் சந்தியாப்பிள்ளை கண்ட கல் சந்தியாக் கல்.

கல் எங்கே கிடக்கிறது என்பதற்குக் கரையில் இரண்டு குறி உண்டு. ஒரு குறி என்பது கடலில் நின்று பார்க்கும்போது ஒன்றின்மேல் ஒன்றாய்த் தெரிகிற இரண்டு அடையாளங்கள். இரண்டு குறியும் ஒரே நேரத்தில் சரிவந்தால் கல் உன் காலுக்குக் கீழே. இதைப் பெற்ற பிள்ளைக்கு மட்டும்தான் சொல்லுவார்கள். மற்றவன் மரியாதையாய்க் கேட்டால் முகத்தை முறிக்க முடியாதே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒரு குறியை உள்ளபடி சொல்லு. மற்றக் குறியை மாற்றிச் சொல்லு. அதை ஒருவரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கரைத் தேத்தண்ணிக் கடையில், மீனவர் சங்கத் தலைவர் பத்திநாதர் தன் போனைக் கனிசியஸின் மூக்குக்கு நேரே நீட்டினார். இருவரும் சின்ன வயதில் கோவிலில் ஒரே வருடம் முதல் நன்மை வாங்கியவர்கள். அதனால் ஒருவரை ஒருவர் மரியாதைப்படுத்துகிற பழக்கம் இல்லை.

"கனிசியஸ், உன்ரை அப்புவின்ரை நங்கூரம் இப்ப கனடா மட்டும் ஓடுது. பார்."

போனுக்குள் ஜெரோசன் நின்றான். அற்பசொற்ப ஆள் இல்லை. கடலைப் பற்றி வீடியோ போட்டே பேர் எடுத்தவன். முப்பது வயது. கறுப்புக் கண்ணாடி, அரைக் காற்சட்டை, கையில் கறுப்பு மணிக்கூடு.

"வணக்கம் உறவுகளே! மூண்டு வருச ஆராய்ச்சி! ஒருத்தருக்கும் தெரியாத ஒரு கல்லை இண்டைக்கு உங்களுக்குக் காட்டப்போறன். எப்பிடிக் கண்டுபிடிச்சன் தெரியுமோ? என்ரை நங்கூரம் சிக்கீட்டுது. இழுக்கிறன், இழுக்கிறன், வரேல்லை. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தன். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு குதிச்சன். கீழை பாத்தால், மாட்டுவண்டி கவிண்டு கிடக்கிற மாதிரி ஒரு கல்லு!"

கனிசியஸ் போனுக்குக் கிட்டக் குனிந்தார். மெழுகுதிரி அப்புவினுடையது. சாரம் அப்புவினுடையது. மாட்டுவண்டியும் அப்புவினுடையதுதான்.

"டேய், உவன் நிக்கிறது காற்சட்டையோடை. சாரம் எங்காலை வந்தது?" என்று கத்தினார். "மாட்டுவண்டி கவிண்டு கிடந்ததை உவன் தன்ரை சீவியத்திலை எங்கை கண்டவன்?"

"இன்னும் கேள்."

"இடத்தையும் சொல்லுறன்," என்றான் போனுக்குள் ஜெரோசன். "மாதா கோவில் கோபுரம் ஒற்றைப் பனைக்கு நேரை வரவேணும். அதே நேரம் ரெலிபோன் ரவர் மீன்வாடிக் கூரைக்கு நேரை வரவேணும். ஏழு பாகத் தண்ணி!"

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். ஏழு பாகமும் சரி. கோபுரமும் பனையும் சரி. ஆனால் ரவர் என்றதும் கனிசியஸ் வாயிலிருந்த தேத்தண்ணியைச் சீறிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்னடாப்பா? விசர் பிடிச்சிட்டுதோ?"

"ஒண்டுமில்லை. ஓடவிடு, ஓடவிடு."

ஜெரோசன் ஒரு பெரிய கலவாய் மீனைத் தூக்கிக் காட்டினான். "இந்த இடத்துக்கு நான் வைச்ச பேர், ஜெரோ பொயின்ற்!"

சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று.

விஷயம் இதுதான். சங்கம் இந்தக் கடலின் கல்லுகளையெல்லாம் ஒரு வரைபடமாக்கி, பேரோடு, கண்டவன் விபரத்தோடு இணையத்தில் போடப்போகிறது. ஞாயிறு பூசை முடிய வெளியிடுகிறார்கள். அதற்காகத்தான் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கிற றஜிதா, போன மாதம் வட்ஸ்அப் குழுவில் பெரிய ஆட்களைக் கேட்டாள்: உங்கடை கல்லுகளின்ரை கதையைக் குரலிலை சொல்லி அனுப்புங்கோ என்று. கனிசியஸுக்கு எழுத வராது. போனையும் நம்பமாட்டார். ஆனாலும் சொன்னார். ஜெரோசனும் இருக்கிற அந்தக் குழுவில் நாலு நிமிடம், நிறுத்தாமல் சொன்னார். ஏனென்றால் சந்தியாப்பிள்ளை என்ற பேர் மிஞ்சியிருக்கிற ஒரே இடம் அந்தக் கல்தான். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன காலத்தில் வழியில் செத்தவர். அடக்கம் செய்த இடத்தில் இன்றைக்கு அடையாளம் இல்லை. ஒரு படம்கூடக் கையில் இல்லை.

"வரைபடத்திலை ஒரு இடத்துக்கு ஒரு பேர்தான் போடலாமாம்," என்றார் பத்திநாதர். "அவனிட்டை வீடியோ இருக்கு. நாப்பதாயிரம் பேர் பாத்திருக்கினம். உன்னட்டை என்ன இருக்கு?"

"நான் குரலிலை அனுப்பினது இருக்குத்தானே?"

பத்திநாதர் தலையைச் சொறிந்தார். நத்தார்ப் பண்டிகை நேரம் குழுவுக்குள் பெரிய சண்டை நடந்தது. அதன்பிறகு, அனுப்புகிறதெல்லாம் ஏழு நாளில் தானாய் அழிகிற மாதிரி வைத்ததே அவர்தான்.

"அழிஞ்சுபோச்சு."

"என்ரை அப்புவையோ அழிச்சனீ?"

"என்னட்டைக் கத்தாதை! சங்கத்துக்கு வா. பின்னேரம் அவனையும் கூப்பிடுறன்."

சங்கக் கட்டடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் றஜிதா கணினியோடு இருந்தாள். முகத்துக்கு முன்னால் ஒன்றும், முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கதைக்காத பிள்ளை. கனிசியஸ் அவளையும் முழுதாய் நம்பவில்லை, ஆனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட நம்பினார். ஜெரோசன் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து, "வணக்கம் கனிசியஸ் ஐயா," என்றான்.

"வணக்கத்தை உன்ரை உறவுகளுக்கு வை. கதையைத் தா."

"என்ன கதை ஐயா?"

"மாட்டுவண்டிக் கதை."

"ஐயா, கடலிலை நங்கூரம் சிக்காத ஆள் ஆர்? அந்தோனியாருக்கு நேராத ஆள் ஆர்? அது ஊர்க் கதை ஐயா. கதையை எல்லாரும் சொல்லலாம். கல்லை நேரிலை போய்ப் பாத்தது நான்தான்."

"நீ கேட்டது என்ரை வாயாலை!"

"இருக்கலாம். எத்தினை பேர் எத்தினை கதை சொல்லுகினம்."

றஜிதா கையை உயர்த்தினாள். "ஜெரோசன், கேட்டிருந்தால் கேட்டது எண்டு போடோணும். ஒருத்தர் சொன்னதை எடுத்தால், அவர் பேரை மேலை போட்டுட்டுத்தான் மிச்சம். அதிலை பெரிய ஆள், சின்ன ஆள் இல்லை." பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்கள் அனுப்பினதை நானும் கேட்டனான். ஆனால் இப்ப அது இல்லை. நான் கேட்டனான் எண்டு சொன்னால், ஒரு பக்கம் சாய்ஞ்சிட்டாள் எண்டு நாளைக்குக் கதை வரும். இது ஊர் முழுக்கப் பாக்கப்போற வரைபடம். மறுக்கேலாத ஒண்டு வேணும்."

"வேணுமெண்டால் சொல்லுறன்," என்றார் கனிசியஸ். எழுந்தே நின்றுவிட்டார். "உவன் சொன்ன இடத்திலை கல்லே இல்லை."

றஜிதா கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

"அது உங்களுக்கு எப்பிடி ஐயா தெரியும்?" என்றாள் றஜிதா.

"எப்பிடியோ? நான்தானே பொய் சொன்னனான்!"

பத்திநாதரின் வாய் திறந்தபடி நின்றது.

"கோபுரமும் பனையும் மெய். ரவரும் வாடியும் நான் கட்டினது. அப்பு சொன்ன குறி எண்டு சொல்லித்தான் அனுப்பினனான். அப்பு கல்லைக் கண்டது அறுபத்தோராம் ஆண்டு. அறுபத்தோராம் ஆண்டிலை இஞ்சை ரெலிபோன் ரவர் நிண்டதோ? நாலு நிமிசம் கேட்டியள், இவ்வளவு பேர். ஒருத்தருக்கும் அந்த மூளை வேலை செய்யேல்லை. உவனுக்கும் செய்யேல்லை. அப்பிடியே அள்ளிக்கொண்டு போட்டான், முள்ளோடை!"

"அட நாசமாய்ப் போறவனே!" பத்திநாதர் மேசையில் அடித்தார். "ரெண்டு நாள்! ரெண்டு நாள் நான் அங்கை போய்ச் சுத்தினனான்! ஒரு கிளாத்தி மீன்கூட அம்பிடேல்லை!"

"நீயும் போனனியோ? எனக்குச் சொல்லாமலோ?"

பத்திநாதர் கூரையைப் பார்த்தார். றஜிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெரோசன் மட்டும் விடவில்லை. முகம் சிவந்திருந்தது. "ஐயா இப்ப எதையும் சொல்லலாம். நான் அங்கை பிடிச்ச மீனை எல்லாரும் பாத்தவை."

"அந்தக் கலவாயோ? கண் குழிஞ்சு கிடந்தது. வயித்திலை ஐஸ் அழுத்தின பள்ளம். கடலுக்குள்ளை ஐஸ் இருக்கோ தம்பி? உது கூறல் மீன்." கரையில் ஏலம் கூறி விற்கிற மீனைத்தான் அப்படிச் சொல்லுவார்கள். "ஆரின்ரை வலை மீனோ. அதுக்கும் பேர் போடேல்லை."

"நாளைக்குக் காலமை போவம்," என்றாள் றஜிதா. "ஜெரோசன் சொன்ன இடத்திலை ஈயக்குண்டு இறக்கி அடியைப் பாப்பம். கல்லு இருந்தால் ஜெரோசன்ரை பேர். இல்லாட்டில்…" அவள் கனிசியஸைப் பார்த்தாள். "இல்லாட்டில் நீங்கள் கல்லைக் காட்டோணும் ஐயா. அங்கை இல்லை எண்டது மட்டும் காணாது. ஒரு கல்லு இருக்கு எண்டும் தெரியோணும்தானே?"

அது கனிசியஸ் யோசியாத பக்கம்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். மனைவி அற்புதராணி எல்லாவற்றையும் ஏற்கனவே கேள்விப்பட்டிருந்தாள். ஊரில் வட்ஸ்அப்பைவிட வேலிக் கதை கெதியாய் ஓடும்.

"இஞ்சேருங்கோ, மாமாவின்ரை பேரோ, மாமாவின்ரை கல்லோ? ரெண்டிலை ஒண்டைத்தான் கையிலை வைச்சிருக்கலாம் போலை கிடக்கு."

"காட்டினால் ஒரு கிழமையிலை மீனைத் துடைச்சுப்போடுவாங்கள். காட்டாட்டில் ஜெரோ பொயின்ற்."

"மூண்டு பேர்தானே வருகினம். அவையளுக்குக் குறி தெரியாத மாதிரிக் காட்டேலாதோ?"

கனிசியஸ் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மளமளவென்று சாப்பிடத் தொடங்கினார்.

சனிக்கிழமை விடிய, கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. பத்திநாதரின் பிளாஸ்ரிக் போட். கரையில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். மீன் வாங்க வந்தவர்கள்கூட மீனை மறந்து நின்றார்கள். "ஜெரோவா, சந்தியாவா?" என்று எவனோ கத்த, பெடியள் பந்தயம் கட்டுகிற மாதிரி ஆர்ப்பரித்தார்கள். கனிசியஸ் தோளில் ஈயக்குண்டும் பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும், கையில் ஒரு துண்டு உடுப்புச் சவுக்காரமும், தலையில் மூடியோடு ஐஸ் போடுகிற ஒரு ரெஜிபோம் பெட்டியுமாக வந்து இறங்கினார்.

"மீனுக்கோ பெட்டி?" என்றார் பத்திநாதர்.

"பாப்பம்."

எஞ்சின் பிடித்ததும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு போட் பறந்தது. ஜெரோசன் போனைப் பார்த்துப் பார்த்து வழி சொன்னான். "இன்னும் இருநூறு மீற்றர்… நூறு… நிப்பாட்டுங்கோ! இதுதான். ஜெரோ பொயின்ற்!"

கனிசியஸ் கரையைத் திரும்பிப் பார்த்தார். கோபுரம் பனைக்கு நேர், ரவர் வாடிக்கு நேர். தான் கட்டின பொய் அச்சொட்டாய்த் தண்ணீருக்குமேல் நின்றதைக் காண அவருக்கே ஒரு பெருமை வந்தது. ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருந்தது. கடலடியில் கிடப்பது ஒட்டிக்கொண்டு வர, அதற்குள் சவுக்காரத்தை அப்பி, றஜிதாவின் கையிலேயே கொடுத்தார்.

"நீயே விடு பிள்ளை. நான் தொட்டால் உவன் மந்திரம் போட்டன் எண்டுவான்."

குண்டு இறங்கியது. முடிச்சுகள் ஒவ்வொன்றாய் அவள் விரலுக்குள்ளால் போயின. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. கயிறு தளர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை, பஞ்சில் விழுந்த மாதிரி. மேலே இழுத்தாள். சவுக்காரம் முழுக்கக் கரிய சேறு.

பத்திநாதர் விரலால் தொட்டு மணந்தார். "சேறு. சந்தேகமில்லாத சேறு. நான் ரெண்டு நாள் மினக்கெட்ட அதே சேறு."

"ஜிபிஎஸ் கொஞ்சம் முன்னைப் பின்னைக் காட்டும்…" என்று தொடங்கினான் ஜெரோசன். அவர்கள் சுற்றிச் சுற்றி ஆறு இடத்தில் குண்டை விட்டார்கள். ஆறு தரமும் சேறு. ஏழாம் தரம் றஜிதா கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு, "ஜெரோசன், உண்மையைச் சொல்லும். நீர் இஞ்சை எப்பவாவது வந்தனீரோ?" என்றாள்.

அவன் தண்ணீரைப் பார்த்தான். "இல்லை, அக்கா."

"வாயைத் திறந்து இன்னொருக்கால் சொல்லு," என்றார் கனிசியஸ்.

"வரேல்லை ஐயா. வரைபடத்திலை ரெண்டு கோடு கீறிப் பாத்தன். வெட்டின இடத்திலை புள்ளி வைச்சன். கதை நல்லாயிருந்தது. உங்கடை பேரைச் சொன்னால், பேந்து என்னை ஆர் பாப்பினம்?"

அவன் ஒளிக்காமல் சொன்னது கனிசியஸுக்குப் பிடித்திருந்தது. அதை முகத்தில் காட்டவில்லை. பெட்டியைத் திறந்தார்.

"போடுங்கோ. எல்லாற்றை போனும் இதுக்குள்ளை."

"என்னத்துக்கு?"

"அப்புவின்ரை கல்லைக் காட்டப்போறன். புள்ளி வைக்கிறவன் எவனும் என்ரை போட்டிலை வரேலாது."

"இது என்ரை போட்," என்றார் பத்திநாதர்.

"உன்ரை போனையும் போடு."

மூன்று போன்கள் பெட்டிக்குள் போயின. கனிசியஸ் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அதன்மேல் ஏறிக் குந்தினார். பெட்டி முறுகிச் சத்தம் போட்டது. "இனி ஆரும் கரையைப் பாக்கப்படாது. வடக்கை பாத்துக்கொண்டு இருங்கோ. பத்தி, எஞ்சினை விடு. நான் சொல்லுறபடி திருப்பு."

அதற்குப் பிறகு அந்தப் போட் ஓடின ஓட்டம் ஊரில் எவரும் கண்டிராதது. கிழக்கே போ என்றார், போனது. திரும்பு என்றார். வந்த வழியே வா, இனி வட்டம் அடி, இன்னொரு வட்டம். றஜிதாவுக்குத் தலை சுற்றியது. ஜெரோசன் போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். "டேய், நீ கல்லைத் தேடுறியோ, எங்களைக் கொல்லப்போறியோ?" என்று பத்திநாதர் கத்தினார். கனிசியஸ் ஒருவர்தான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபுரம் பனையை நோக்கி மெல்ல நகர்ந்தது. மற்றப் பக்கத்தில், அப்பு காட்டிய அந்த இரண்டாவது குறி, ஒன்றை ஒன்று தேடி வருவதுபோல வந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு சாண்.

"நிப்பாட்டு!"

எஞ்சின் நின்றது. கனிசியஸ் இரண்டு குறியையும் இன்னொருதரம் பார்த்தார். நாலு வருடமாய் இந்தப் பக்கம் வரவில்லை. பார்த்தது பிழைத்திருந்தால்?

"விடு பிள்ளை."

றஜிதா குண்டை விட்டாள். மூன்று. நாலு. ஐந்து. ஐந்தரை…

ணங்!

கயிற்றின் வழியே அந்த அடி அவள் உள்ளங்கை வரைக்கும் ஏறியது. "ஐயோ!" என்று கத்தினாள். "தட்டினது! ஐயா, தட்டினது!" மேலே இழுத்தபோது சவுக்காரத்தில் சேறு இல்லை. நசுங்கின இடத்தில் வெள்ளைச் சிப்பித்தூள் மின்னியது. பத்திநாதர் இன்னொரு தரம் விட்டார், ணங். போட் கொஞ்சம் இழுபட்டது, ணங். இன்னும் கொஞ்சம், ஏழு பாகம், சத்தமில்லாத சரிவு. மாட்டுவண்டி கவிழ்ந்து கிடக்கிறது. இது சில்லு, அது துலா.

"தூண்டிலைப் போடுங்கோ, என்ன வாயைப் பாக்கிறியள்!"

கணவாய்த் துண்டோடு முதல் தூண்டில் இறங்கி முடியவில்லை, பத்திநாதரின் கை தண்ணீருக்குள் இழுபட்டது. "பிடி! பிடி! டேய் ஜெரோசன், இடுப்பைப் பிடியடா!" அவன் பாய்ந்து பிடித்தான். இருவருமாய் இழுத்தார்கள். பச்சைத் தண்ணீருக்குள் ஒரு மண்ணிறம் சுழன்று சுழன்று மேலே வந்தது. கலவாய்! வாயைத் திறந்தால் ஒரு சட்டியை விழுங்கும். போட் தட்டில் விழுந்து அடித்த அடியில் றஜிதாவின் சட்டையெல்லாம் தண்ணீர். அடுத்து விளைமீன் ஒன்று. அதற்கடுத்து இன்னொரு கலவாய். ஜெரோசன் தான் யார், ஏன் வந்தான் எல்லாவற்றையும் மறந்து, "ஐயா! ஐயா! எனக்கும் ஒண்டு! ஐயோ, பெரிசு!" என்று துள்ளினான். கனிசியஸ் பெட்டியைவிட்டு எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "கண்ணைப் பாரடா! உதுதான் கடல் மீன்ரை கண்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கரைக்குத் திரும்பும்போதும் அதே வட்டங்கள். மணலில் முட்டியதுதான் தாமதம், கூட்டம் தண்ணீருக்குள் இறங்கி வந்தது.

"எந்தக் கல்லு மீன்?" என்று ஒருவன் கேட்டான்.

பத்திநாதர் கலவாயைத் தலைக்குமேல் தூக்கினார். அறுபது வருடக் குரலால் கத்தினார். "சந்தியாக் கல்லு மீனடா!"

ஊர் கூவியது. கனிசியஸ் குனிந்து சாரத்தைச் சரிசெய்கிற சாட்டில் கண்ணைத் துடைத்தார். அந்தப் பேர் இந்த மணலில் இவ்வளவு சத்தமாய்க் கேட்டு எத்தனை வருடம்!

பெட்டியைத் திறந்ததும் றஜிதா அங்கேயே, வள்ளத்தின்மேல் இருந்து எழுதி, உரத்து வாசித்தாள். "சந்தியாக் கல். கண்டவர் சந்தியாப்பிள்ளை, ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொண்டு. சொன்னவர் அவற்றை மகன் கனிசியஸ். ஈயம் போட்டு உறுதி செய்தவை மூண்டு பேர். இடம்… ஐயா, இடம்?"

"இடம் இல்லை."

"வரைபடத்திலை புள்ளி இல்லாமல் எப்பிடி ஐயா பேர் போடுறது?"

"பேருக்குத்தானே நான் வந்தனான். புள்ளிக்கோ வந்தனான்?"

அவள் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தாள். பிறகு எழுதினாள். "இடம்: கண்டவர் குடும்பம் தரவில்லை. ஓரத்திலை ஒரு பட்டியல் போட்டு, முதல் பேராய் இதைப் போடுறன். சரியோ?"

"வாசிச்சது எல்லாம் எழுத்திலை இருக்கோ?"

"இருக்கு ஐயா."

"பத்தி, நீ பார். எழுத்திலை இருக்கோ?"

"இருக்கடா!"

ஜெரோசனும் சும்மா நிற்கவில்லை. மீன் வாடை அடிக்கிற கையோடு போனை உயர்த்தி, நேரடியாகவே கதைக்கத் தொடங்கினான். "வணக்கம் உறவுகளே. நான் போட்ட கதை என்ரை இல்லை. கனிசியஸ் ஐயா சொன்னது. கல்லைக் கண்டது அவற்றை தகப்பன் சந்தியாப்பிள்ளை. நான் கேக்காமல், பேர் சொல்லாமல் எடுத்தனான். அந்த மீனும் கூறல் மீன். பழைய வீடியோவிலையும் முதல் வரியாய் இதை எழுதிவிடுறன். ஐயா, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

போன் கனிசியஸின் முகத்துக்கு வந்தது.

"சேறு உள்ள இடத்துக்கு உவன் வைச்ச பேரை அப்பிடியே விடுங்கோ," என்றார். "அந்தப் பொய் மட்டும் என்ரை. அதையும் உவனுக்கே குடுக்கிறன். ஜெரோ பொயின்ற்!"

கரை முழுக்கச் சிரித்தது. ஜெரோசனும் சிரித்தான். போனுக்குள் இதயங்களும் கைதட்டல்களும் நுரைபோல மேலே போய்க்கொண்டிருந்தன. கனடாவில் இருந்து எவனோ சந்தியாப்பிள்ளையைத் தன் பாட்டனார் அறிவார் என்று எழுதியிருந்தான். பத்திநாதர் அதை வாசித்துக் காட்டி, "இப்ப திருப்திதானே? அப்புவின்ரை பேரை உலகம் முழுக்கச் சொல்லியாச்சு," என்றார்.

கனிசியஸ் வாயைத் திறந்தார். அப்போதுதான் ஜெரோசனின் கையில் இருந்த கறுப்பு மணிக்கூடு, டிங் என்று ஒரு சத்தம் போட்டு, முகம் வெளிச்சமாயிற்று. அதில் எழுத்துகள் ஓடின.

"உது என்ன?"

"மணிக்கூடு ஐயா."

"மணிக்கூட்டிலை என்னடா எழுத்து ஓடுது?"

"போனுக்கு வாறது இதிலையும் வரும் ஐயா."

"போனிலை இருக்கிறது எல்லாம் உதிலையும் இருக்கோ?"

"எல்லாம் இல்லை… கொஞ்சம்."

"வழி காட்டுற சாமான்?"

ஜெரோசன் ஒரு கணம் பிந்தித்தான் வாயைத் திறந்தான். அந்த ஒரு கணம் கனிசியஸுக்குப் போதும். "அது… இருக்கு ஐயா. ஆனால் நான் நிப்பாட்டி வைச்சனான். அந்தோனியார் அறிய. வேணுமெண்டால் நீங்களே பாருங்கோ." கழற்றி நீட்டினான்.

கனிசியஸ் அதை வாங்கினார். முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், காதில் வைத்தும் பார்த்தார். டிக் டிக் என்றுகூடக் கேட்கவில்லை. அவருக்கு வாசிக்கக்கூடிய ஒன்றும் அதில் இல்லை. திருப்பி அவன் கையில் வைத்தார்.

"ஐயா, நம்புங்கோ ஐயா," என்றாள் றஜிதா. "பேரைப் போட்டிருக்கு. மன்னிப்பும் கேட்டாச்சு. இனி என்ன?"

"இண்டைக்குப் போட்டிருக்கு," என்றார் கனிசியஸ். "போன மாதம் நான் குரலிலை சொன்னதும் இருந்ததுதான், ஏழு நாள்."

அவர் விளைமீன் ஒன்றை வாலில் பிடித்துத் தூக்கினார். கல்லுக்காரன் வீட்டுக்கு ஒரு மீன். அதை எவரும் கொண்டுவந்து தரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு மணலில் ஏறி நடந்தார். பின்னால் பத்திநாதர் கூப்பிட்டார், தேத்தண்ணிக்கு வா என்று. கையை மட்டும் ஆட்டினார். வேலி முடக்கில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். ஜெரோசன் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். நேரம்தான் பார்த்தானோ, வேறு எதைப் பார்த்தானோ.

"விடிய வள்ளம் தள்ளோணும்," என்று மீனுக்குச் சொல்லிக்கொண்டு கனிசியஸ் நடையைக் கூட்டினார். "ஆர் அங்கை நிக்கிறான் எண்டு பாக்கோணும்."